படைப்பில் பாடம் – 17: சந்தனத்தின் பக்கத்து வேர்

கஸ்தூரி விற்பவரையும் கொல்லன் உலையில் துருத்தி ஊதுபவரையும் அருகருகே நிறுத்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸைக் கேட்காத முஸ்லிம் வீடு இருக்காது. அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மதரஸாவில் ஏழெட்டு வயதிலேயே உஸ்தாது சொல்லிக் கொடுத்துவிடுவார். நல்லவனோடு சேர், கெட்டவனோடு சேராதே என்று அதைச் சுருக்கி மனதில் போட்டுக்கொண்டு வளர்ந்துவிடுகிறோம். நிதானமாகப் படித்தால் அதில் இன்னும் நிறைய இருக்கிறது. கஸ்தூரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவரே உங்களுக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். நீங்கள் காசு கொடுத்து வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் வாசனையாவது கிடைக்கும். உலைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் தீப்பொறி உடுப்பைச் சுடும், இல்லையேல் நாற்றமாவது வந்து சேரும்.

என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அந்தக் கடைசி நிலை. எதுவும் கொடுக்கவில்லை, எதுவும் வாங்கவில்லை, சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். அப்போதும் சட்டையில் வாசனை இருக்கிறது. “அவன்கூடச் சுத்துறேன், அவ்வளவுதான்மா. அவன் செய்யறதையெல்லாம் நான் செய்யலியே” என்று பிள்ளைகள் வீட்டில் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்துக்கு இடமே வைக்காமல் ஹதீஸ் முடிந்துவிடுகிறது.

இந்தத் தொடரில் சென்ற வாரம் தேனீக்களோடு இருந்தோம். இந்த வாரம் வாசனையின் வழியே ஒரு மரத்திடம் போவோம்.

ஜும்ஆவுக்குப் போகும்போது பள்ளிவாசல் படியருகே அத்தர்ப் பெட்டியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இப்போது அந்தச் சிமிழ்களில் வருவது பெரும்பாலும் செயற்கை எண்ணெய். பழைய முறை அத்தருக்கு அடிப்படை சந்தன எண்ணெய்தான். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் செப்புக் கொப்பரைக்குள் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுகிறார்கள். பூவின் ஆவி மூங்கில் குழாய் வழியே, தண்ணீர்த் தொட்டிக்குள் அமர்த்திய செப்புக் குடத்தில் போய் இறங்கும். அந்தக் குடத்தில் அதை வாங்கிக்கொள்ளக் காத்திருப்பது சந்தன எண்ணெய். மல்லிகையின் மணம் ஒரு பொழுதில் போய்விடும். சந்தனம் அதை ஏற்று ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும்.

இப்படி அடுத்தவரின் மணத்தைக் காக்கிற மரத்துக்குத் தனியாக வாழத் தெரியாது.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருப்பத்தூர் பக்கம் ஒரு நாற்றங்காலுக்குப் போயிருந்தேன். கறுப்பு பாலிதீன் பைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பைக்கு இரண்டு செடி. சாண் உயரச் சந்தனக் கன்று ஒன்று. அதை ஒட்டினாற்போல் ஒரு துவரைச் செடி. துவரை எதற்கு என்று கேட்டேன். “அது இல்லன்னா இது நிக்காது பாய்” என்றவர், வாடிப்போன ஒரு பையைக் கிழித்து, மண்ணை வாளித் தண்ணீரில் அலசிக் கையில் கொடுத்தார். சந்தனத்தின் வேரிலிருந்து வெளுத்த மொட்டு ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, துவரையின் வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தேன். வேர் அறுந்ததே தவிர பிடி விடவில்லை.

சந்தனத்துக்குப் பச்சை இலை உண்டு. தன் உணவை அது தானே சமைத்துக்கொள்ளும். தண்ணீர், தாது உப்பு, தழைச்சத்து ஆகியவற்றில்தான் அடுத்த வேரை நம்பியிருக்கிறது. விதையில் உள்ள சேமிப்பு இருக்கிறவரை தனியாகவே தளிர்க்கும். அது தீர்ந்த பிறகும் துணை கிடைக்காத கன்று வெளிறிக் குன்றிப்போகும். 300-க்கும் மேற்பட்ட தாவரங்களின் வேரை அது பற்றுவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கிடைத்தால் புல்லைக்கூட விடாது. ஆனால் எதைப் பற்றுகிறதோ அதற்கேற்றதுதான் அதன் வளர்ச்சி. துவரை, புங்கம், சவுக்கு ஆகியவை காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துவைப்பவை. அவற்றின் பக்கத்தில் சந்தனம் செழிக்கிறது.

கூட்டாளியே வேண்டாம், வீட்டோடு கிட என்று கதவைச் சாத்தும் பெற்றோரை நான் நினைத்துக்கொள்வது இங்கேதான். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பற்றுவது பிள்ளையின் இயல்பு. பக்கத்தில் நல்ல வேர் இல்லையென்றால், இராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் ஒளிரும் செல்போனில் முகம் தெரியாத யாரையோ அவன் பற்றிக்கொள்வான். மனிதன் தன் நண்பனின் வழியில்தான் இருப்பான், ஆகவே யாரை நண்பனாக்குகிறோம் என்று கவனிக்க வேண்டும் என்ற கருத்தில் அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், நண்பனே இல்லாமல் இரு என்று சொல்லவில்லை. கவனித்துத் தேர்ந்தெடு என்கிறது.

நாற்றங்கால்காரர் இன்னும் இரண்டு சேதி சொன்னார். துவரையை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டுமாம். விட்டால் அது மேலே படர்ந்து சந்தனத்தை நிழலில் அமுக்கிவிடும். நல்லவராகவே இருந்தாலும் நம்மை வளரவிடாமல் கவிந்து நிற்கும் நட்பு உண்டு. எதற்கெடுத்தாலும் அவரைக் கேட்டே செய்து, சொந்தமாக ஒரு முடிவு எடுக்கவே மறந்துபோனவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இரண்டாவது சேதி: துவரையின் ஆயுள் ஓரிரண்டு ஆண்டுதான். அதற்குள் கன்றைத் தோட்டத்தில் நட்டு, பக்கத்தில் நீண்ட நாள் நிற்கும் மரமாகப் பார்த்து வைத்துவிட வேண்டும். ஊரில் உஸ்தாதும் வாப்பாவும் தெருக் கூட்டாளிகளும் இருந்தவரை ஒழுங்காக இருந்த பிள்ளை, சென்னைக்கோ ரியாதுக்கோ போன பிறகு தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். வளைகுடாவில் அறை பிடிக்கும்போது வாடகையை விசாரிக்கிறோம், குளிர்சாதனம் இருக்கிறதா என்று பார்க்கிறோம், பஸ் நிறுத்தம் எத்தனை தூரம் என்று கேட்கிறோம். அடுத்த கட்டிலில் படுக்கப்போகிறவர் யார் என்பதைப் பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். இரண்டு ஆண்டு அவரோடு சமைத்து, அவரோடு தூங்கி, அவர் பஜ்ருக்கு எழுந்தால் எழுந்து, எழாவிட்டால் எழாமல் இருக்கப்போகிறோம். முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா நூலில் ஐந்து தகுதிகளைச் சொல்கிறார். அறிவும் நற்குணமும் இருக்க வேண்டும். பாவத்தில் ஊறியவராகவோ, மார்க்கத்தில் இல்லாததைப் புகுத்துபவராகவோ, உலக ஆசை பிடித்தவராகவோ இருக்கக் கூடாது. அறிவை அவர் முதலில் வைத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல மனதோடு தவறான யோசனை சொல்லும் நண்பரால் நொடித்துப்போன குடும்பங்கள் கொஞ்சமல்ல.

இனி மற்றொரு தாவரம். மாமரக் கிளையில் புல்லுருவி முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூங்கொத்திக் குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டு, பசையோடு ஒட்டிக்கொள்ளும் விதையைக் கிளையில் விட்டுப் போகிறது. விதை கிளைக்குள்ளேயே வேரை இறக்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் அடர்த்தியாக, பச்சைப்பசேலென்று, பூவோடு கூடத் தெரியும். அந்தப் பச்சை மாமரத்துடையது இல்லை. புல்லுருவிக்கு அப்பால் கிளை நுனி காயத் தொடங்கும்போதுதான் வீட்டுக்காரர் கவனிப்பார். அதன் இலையைப் பறித்துப் பயனில்லை. அது பிடித்த இடத்துக்குக் கீழே, நல்ல கிளையையும் கொஞ்சம் சேர்த்தே வெட்ட வேண்டும். சந்தனத்தையும் தாவர நூல்கள் ஒட்டுண்ணி வகையில்தான் சேர்க்கின்றன. ஆனால் துணை மரமும் வாழ, தானும் வைரம் பாய்ந்து மணப்பது அதன் வழி.

நட்பிலும் புல்லுருவி உண்டு. உக்பா இப்னு அபீ முஐத்தின் கதையைத் தஃப்ஸீர் நூல்கள் ஃபுர்கான் அத்தியாயத்தின் 27 முதல் 29 வரையுள்ள வசனங்களுக்கான விளக்கத்தில் சொல்கின்றன. மக்காவில் அவர் விருந்து வைத்து நபி (ஸல்) அவர்களையும் அழைத்தார். கலிமா சொன்னால்தான் உண்பேன் என்று நபியவர்கள் சொல்ல, அவரும் சொல்லிவிட்டார். அவருடைய உயிர் நண்பன் உபை இப்னு கலஃபுக்குச் செய்தி எட்டியது. முஹம்மதை நீ அவமதிக்காதவரை உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றான் அவன். உக்பா நபியை விட்டார், நண்பனை விடவில்லை. பத்ரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்; உபை அடுத்த ஆண்டு உஹதில் அழிந்தான். இன்னாரை நண்பனாக்காமல் இருந்திருக்கலாமே என்று மறுமையில் கையைக் கடித்துக்கொண்டு புலம்பும் ஒருவனை அந்த வசனங்கள் காட்டுகின்றன. கதையின் கனம் எனக்கு அந்த விருந்தில் இருக்கிறது. சரியான வார்த்தை வாயிலிருந்து வந்தே விட்டது. கிளை காய்ந்தது அதற்குப் பிறகு.

நல்ல நட்பு எப்படியிருக்கும் என்பதைக் காட்டில் பார்க்கலாம். முதுமலையில் புள்ளிமான் கூட்டத்தைச் சாம்பல் மந்திகள் இருக்கும் மரத்தடியில் அடிக்கடி காணலாம். மேலிருந்து மந்திகள் சிந்தும் தழையும் காயும் மானுக்குத் தீனி. ஆனால் உறவு தீனியோடு நிற்பதில்லை. உயரத்திலிருந்து புலியின் அசைவைப் பார்த்ததும் மந்தி இருமுவதுபோல் கரகரவென்று கத்தும். மான்கள் காதை விறைத்து வாலைத் தூக்கும். சில வேளை மூக்கும் காதும் கூர்மையான மான் முதலில் அறிந்து குரல் கொடுக்கும்; மந்திகள் கிளை தாவும். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவு என்று நபி (ஸல்) சொன்னபோது, அவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே உதவி என்று விளக்கம் வந்தது. அனஸ் (ரலி) வழியாகப் புகாரியில் உள்ள ஹதீஸ் இது. நம் நட்புகளில் தீனி இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, பிறந்த நாளுக்கு பிரியாணி இருக்கிறது. வட்டிக்கடன் வாங்கப் போகிறவனின் கையைப் பிடித்து நிறுத்தும் குரல் எத்தனை நட்பில் இருக்கிறது?

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதெல்லாம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும். நல்ல சகவாசம் என்பது முஸ்லிம் அல்லாதவர்களிடமிருந்து ஒதுங்கி நிற்பதற்கான பெயர் என்று சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் பயணத்தை நினைத்துப் பாருங்கள். தவ்ர் குகையில் அபூபக்ர் (ரலி) உடனிருந்தார். குகையிலிருந்து மதீனாவுக்கு வழிகாட்டியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர். குறைஷிகள் பரிசு அறிவித்துத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு ஒட்டகங்களையும் உயிரையும் நம்பி ஒப்படைத்தது அவரிடம். அவரும் காட்டிக்கொடுக்கவில்லை. நேர்மையும் வாக்குத் தவறாமையும் உள்ள இந்து நண்பரை, கிறிஸ்தவ நண்பரை ஒதுக்கிவிட்டு, பெயரளவு உறவை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது நபிவழியில் இல்லை.

ஏற்கெனவே தப்பான மண்ணில் வேர்விட்டுவிட்டவருக்கு என்ன வழி? 99 கொலை செய்தவரின் செய்தியை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். உனக்கு மன்னிப்பே இல்லை என்ற துறவியையும் கொன்று அவர் நூறாக்கினார். பிறகு ஓர் அறிஞர், உனக்கும் தவ்பாவுக்கும் நடுவில் யார் நிற்க முடியும் என்று கேட்டுவிட்டு, கூடவே ஊரை விடச் சொன்னார்: இந்த ஊர் கெட்டது, இன்ன ஊரில் அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு போய் இரு. வழியிலேயே மரணம் வந்தது. அருளின் வானவர்களும் தண்டனையின் வானவர்களும் அவருக்காக வாதாட, தூரத்தை அளந்தார்கள். நல்லவர்களின் ஊருக்கு ஒரு சாண் நெருக்கமாக இருந்தார், மன்னிக்கப்பட்டார்.

அந்த அறிஞரால் ஓர் ஊரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. கஞ்சாக் கூட்டத்தை விட்டு வெளியே வர நினைக்கும் நம் தெருப் பையனுக்கு எந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறோம்? மக்ரிப் தொழுகைக்கு அவன் கடைசி ஸஃப்பில் வந்து நின்றால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோம். ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அவனுடைய பழைய கூட்டாளிகளோ டீக்கடை பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இஷாவுக்கு முன்னால் பள்ளியிலேயே யாராவது கேட்டுவிட வேண்டும். வயதில் மூத்தவர்கள் நாலு பேர் தொழுகை முடிந்து பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். “வாங்க தம்பி, எந்த வீடு நீங்க?” என்று தொடங்கலாம்.

(தொடரும்)