இறால் குட்டை: உப்பளவுக் கருவியைச் சரிபார்ப்பது எப்படி?

நாகை, தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரங்களில் இறால் வளர்ப்போர், குஞ்சு வாங்குமுன் தங்கள் குட்டை நீரின் உப்பளவைப் பொரிப்பகத்துக்குச் சொல்வது வழக்கம். குஞ்சுகளை அந்த அளவுக்குப் பழக்கித் தருவார்கள். விவசாயியின் கருவி தவறாகக் காட்டினால் பழக்கியதும் தவறாகிவிடும். உப்பளவு திடீரென மாறினால் குஞ்சுகள் மடியும். ஆகவே, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு முறை குஞ்சு விடுவதற்கு முன்பும் சரிபார்ப்பது அவசியம்.

பூஜ்யம் பார்த்தல்

கருவியின் கண்ணாடியைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கவும். காய்ச்சி வடித்த நீரை இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி இல்லாமல் மூடவும். ஒரு நிமிடம் கழித்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலுள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யவும். கிணற்று நீர், ஆழ்குழாய் நீர் இதற்கு உதவா. அவற்றிலும் உப்பு உண்டு.

35 பார்த்தல்

பூஜ்யம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வெறும் தட்டில் நேராக நிற்கும் தராசும் எடை ஏறியதும் தவறலாம் அல்லவா? எனவே, ஈரமில்லாத சுத்தமான சோடியம் குளோரைடு 36.5 கிராமை, காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராமில் கரைக்கவும். நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் எடை போடுவது நல்லது. இக்கரைசலுக்குக் கருவி 35 காட்ட வேண்டும். ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்புள்ள கடல் நீரின் அளவு இதுவே. கடல் நீரில் வேறு உப்புகளும் கலந்திருப்பதால்தான் இங்கு ஒன்றரை கிராம் கூடுதலாகச் சேர்க்கிறோம்.

பூஜ்யம் சரியாக இருந்தும், இக்கரைசலுக்கு 32 தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். குட்டை நீருக்கு அக்கருவி 16 காட்டினால், அதை 35ஆல் பெருக்கி 32ஆல் வகுக்க வேண்டும். உண்மை அளவு 17.5 ஆகும்.

கவனிக்க வேண்டியவை

சாதாரண உப்புக் கரைசலுக்கென அளவு பொறித்த கருவிகளும் விற்பனைக்கு உண்டு. அவை 35 அளவுள்ள கடல் நீருக்குச் சுமார் 36.5 காட்டும். வாங்கும்போது கடல் நீருக்கானதா எனக் கேட்டு வாங்கவும். உச்சி வெயிலில் அளக்காமல் நிழலில் அளக்கவும். கரைசலை இறுக மூடி வைக்கவும். நீர் ஆவியானால் அளவு கூடிவிடும்.

குஞ்சுப் பைகள் வந்ததும் பை நீரையும் குட்டை நீரையும் ஒரே கருவியால் அளக்கவும். வித்தியாசம் தெரிந்தால், குட்டை நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்கிய பிறகே குஞ்சுகளை விடவும்.