இடம் மாற்றி நட்ட பனை பிழைக்குமா? குருத்து கூறும் விடை

அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பகுதியில் இயற்கையாகவே வளரும் விசிறி ஓலைப் பனை ஒன்று உண்டு. 'கபேஜ் ட்ரீ பாம்' என்று இங்கு அழைக்கப்படும் இம்மரத்தின் தாவரவியல் பெயர் லிவிஸ்டோனா அவுஸ்ட்ராலிஸ். தெற்கே விக்டோரியா மாநிலத்தின் கிழக்கு கிப்ஸ்லாந்து வரை இது காணப்படுகிறது. தமிழர்களின் பனைக்குத் தூரத்து உறவான இதன் கன்றுகளைத் தொட்டியிலிருந்து தரைக்கு மாற்றுவோர் முன்னுள்ள கேள்வி, கன்று பிழைத்ததா என்பதை எவ்வாறு அறிவது என்பதாகும்.

ஓலையின் பசுமையை வைத்து இதற்கு விடை கூற இயலாது. வேர் செயலிழந்த பின்னரும், சேமிப்பில் உள்ள நீரையும் உணவையும் கொண்டு கன்று பல வாரங்கள் பச்சையாகவே தோன்றக்கூடும். மறுபுறம், அடியோலைகள் ஓரிரண்டு காய்வது மட்டும் மரணத்தின் அறிகுறியல்ல.

நம்பத்தக்க சான்று குருத்தே. விரியாத குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே மட்டத்தில் மையால் கோடிட்டு வைக்கலாம். குருத்தின் கோடு மேலேறினால் வளர்ச்சி நடைபெறுகிறது என்று பொருள். அதன் பின்னர் புதிய ஓலைகள் அடுத்தடுத்து விரிந்தால் வேர் பிடித்துவிட்டதாகக் கொள்ளலாம். மெல்ல இழுத்தவுடன் குருத்து கையோடு வந்துவிட்டால், உள்ளே அழுகல் ஏற்பட்டுள்ளது. இத்தகைய ஒற்றைத் தண்டுப் பனைகளுக்கு வளர்முனை ஒன்றே என்பதால், அது அழிந்தால் பக்கக்கிளை தோன்றாது.

வேர்களின் இயல்பும் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. 1980களில் அமெரிக்காவின் புளோரிடாவில் நடைபெற்ற ஆய்வில், தென்னையின் வெட்டுண்ட வேர்களில் ஏறத்தாழ பாதி மீண்டும் வளர்ந்தன. சபால் பனையிலோ அநேகமாக எதுவும் வளரவில்லை. அடித்தண்டிலிருந்து புதிய வேர்களே தோன்ற வேண்டியிருந்தது. வேர் வளர்ச்சிக்கு மண்ணின் வெப்பம் தேவை. எனவே, இலையுதிர் மரங்களைக் குளிர்காலத்தில் நடும் சிட்னி, மெல்பேர்ண் வாசிகள், பனைகளை வசந்தத்தின் பிற்பகுதியிலோ கோடையின் தொடக்கத்திலோ நடுவதே உகந்தது.

தமிழர்களின் பனையை இடம் மாற்றுவது இதைவிடக் கடினமானது. அதன் விதை முளைத்ததும் குழல் போன்ற உறுப்பொன்று நிலத்துக்குள் ஆழமாக இறங்குகிறது. அதன் முனையிலேயே நாற்று உருவாகிறது. உண்ணப்படும் பனங்கிழங்கு இந்த இளம் நாற்றின் பகுதியே. சிறிய பைகளில் இதற்கு ஆழம் போதாது. தோண்டியெடுத்தால் கிழங்கும் வேரும் சேதமடைகின்றன. விதையை நேரடியாக நிலத்தில் ஊன்றும் மரபுக்கு இதில் நியாயம் உள்ளது.

இது தோட்டக்கலை சார்ந்த விடயம் மட்டுமல்ல. இலங்கையின் வடக்கில் போரின்போது ஏராளமான பனைகள் அழிந்தன. தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை, 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என அறிவித்தது. இவ்வாறான எண்ணிக்கைகள் வழங்கப்படுவதைக் கூறுகின்றனவே தவிர, பிழைத்தவற்றை அல்ல. பனை பலன் தரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். ஆகவே, இத்தகைய திட்டங்களுக்கு நிதி வழங்கும் புலம்பெயர் தமிழர்கள், ஊன்றிய விதைகளின் தொகையுடன், சில ஆண்டுகளுக்குப் பின் புதிய ஓலை விட்டு நிற்கும் வடலிகள் எத்தனை என்பதையும் கேட்டறிவது அவசியமாகிறது.