டிஜாக்சின்: அளவே மருந்து

உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்த இயலாதவாறு இருதயம் வலுக்குன்றுவதை இருதயத் தளர்ச்சி என்பர். கால்கள் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். இந்நோய்க்குரிய மருந்துகளுள் நெடுங்கால வரலாறு உடையது டிஜிட்டாலிஸ் என்னும் செடியினின்று கிடைப்பது.

1775-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு ஒரு மூதாட்டி இரகசியமாக அளித்துவந்த மூலிகைக் கலவையை ஆராய்ந்து, அதில் பயன் தருவது டிஜிட்டாலிஸே எனத் தெளிந்தார். 1785-இல் அவர் வெளியிட்ட நூல் அம்மருந்தின் நன்மையோடு தீமையையும் விளக்கியது. அளவு மிகுந்தால் வாந்தி உண்டாகும், பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும், நாடி மெதுவாகும். இச்செடியின் மற்றோர் இனத்தினின்று 1930-இல் பிரித்தெடுக்கப்பட்ட டிஜாக்சினே இன்று மாத்திரையாக வழங்குகிறது.

பயனும் தீங்கும்

இருதயத் தசையின் உயிரணுக்களிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் அமைப்பை டிஜாக்சின் தடுக்கிறது. அதனால் உயிரணுவினுள் கால்சியம் மிகுந்து, தசை வலுவுடன் சுருங்குகிறது. அதே விளைவு வரம்பு கடந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிருக்கே இடர் நேரும். ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருப்பது தக்க அளவென இக்காலத்தில் கருதப்படுகிறது. 2 நானோகிராமைக் கடந்தால் நச்சு விளைவுகள் பெருகும். இடைவெளி இத்துணைக் குறுகியது.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகங்களின் வழியே வெளியேறுகிறது. உடலிலுள்ள மருந்து பாதியாகக் குறைய, நலமான சிறுநீரகம் உடையவர்க்கு ஏறத்தாழ ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை ஆகும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இன்னும் பல நாட்கள் ஆகும். ஆதலின் முதியோர்க்கு அளவைக் குறைப்பர். நீர் பிரியக் கொடுக்கும் ஃப்யூரோசமைடு போன்ற மருந்துகள் பொட்டாசியத்தையும் வெளியேற்றுகின்றன; பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவு டிஜாக்சினும் நஞ்சாகக் கூடும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

ஒரு வேளை தவறினால், மறுவேளை இரட்டிப்பாக உண்ணலாகாது. வாந்தி பேதியால் உடல் வறண்டால் மருத்துவரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். மூட்டு வலிக்காகக் கடையில் தாமே வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் முதலியன சிறுநீரகத்தின் செயலைக் குறைத்து, உடலில் உப்பையும் நீரையும் தேக்குவன. அவற்றைத் தவிர்த்தல் நலம். அமியோடரோன், வெராபமில், கிளாரித்ரோமைசின் ஆகியவை இரத்தத்தில் டிஜாக்சினை மிகுவிக்கும். ஆகவே எம்மருத்துவரிடம் சென்றாலும் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் காட்டுதல் வேண்டும். பசியின்மை, குமட்டல், மனக்குழப்பம், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி நிமிடத்திற்கு 60-க்குக் கீழ் இறங்குதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். அப்பொழுது அடுத்த மாத்திரையை உண்ணுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 6,800 நோயாளிகளிடம் நடத்தி 1997-இல் வெளியான ஆய்வில், டிஜாக்சின் மரணத்தைக் குறைக்கவில்லை. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையைக் குறைத்தது. அவ்வாய்வில் பங்குகொண்ட ஆண்களின் விவரங்களை 2003-இல் மீண்டும் ஆராய்ந்தபோது, இரத்தத்தில் மருந்து குறைவாக இருந்தவர்களிடையே மரணம் குறைவாகவும், மிகுந்திருந்தவர்களிடையே அதிகமாகவும் காணப்பட்டது. இன்று வேறு மருந்துகள் முதலிடம் பெற்றுள்ளன. எனினும் டிஜாக்சின் உண்பவர்க்கு விதரிங் அன்று விடுத்த எச்சரிக்கை இன்றும் பொருந்துவதேயாகும்.