சிறுநீரகம் சோர்ந்தால் ரத்தக் குழாய் ஏன் இறுகுகிறது?

ஆறாத புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளியின் காலை எக்ஸ்ரே எடுத்தால், சிலருக்கு எலும்போடு ரத்தக் குழாயும் சேர்ந்து தெரியும். சாதாரண எக்ஸ்ரேயில் ரத்தக் குழாய் தெரிவதில்லை. சுவரில் கால்சியம் படிந்து இறுகிப்போனால்தான் அது தண்டவாளம் போல இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அந்தக் காலில் பிரஷர் பார்த்தாலும் சரியான அளவு கிடைக்காது. குழாய் அமுங்காததால் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ரத்தக் குழாய் கெடுவதற்குச் சர்க்கரை, கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இவற்றை மட்டும் வைத்து விளக்க முடியாத ஒன்றை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். சிறுநீரில் சிறிதளவு புரதம் ஒழுகத் தொடங்கிவிட்டாலே, சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கும்போதுகூட, சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடிவிடுகிறது. கழிவை வடிகட்டும் உறுப்பில் ஏற்படும் சிறு பழுது இதயத்தை ஏன் தாக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி, சிறுநீரகமே சுரக்கும் ‘க்ளோத்தோ’ என்ற ஹார்மோனில் இருக்கக்கூடும்.

1997இல் ஜப்பானிய மருத்துவ விஞ்ஞானி மக்கோட்டோ குரோ-ஓவும் அவருடைய குழுவினரும் இதை அறிவித்தார்கள். உயர் ரத்த அழுத்த ஆய்வுக்காக மரபணு மாற்றிய எலிகளில், எதிர்பாராமல் வேறொரு மரபணு, அதாவது க்ளோத்தோவுக்கான மரபணு, சிதைந்திருந்தது. அந்த எலிகள் சில வாரங்கள் நன்றாக வளர்ந்தன. பிறகு வளர்ச்சி நின்றது, தோல் மெலிந்தது, எலும்பு தேய்ந்தது, ரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்தது. சுமார் இரண்டு மாதத்திலேயே முதுமை எய்தியவைபோல இறந்தன. 2005இல் இதற்கு நேர்மாறான சோதனையின் முடிவு வெளியானது. க்ளோத்தோ கூடுதலாக உற்பத்தியாகும்படி செய்யப்பட்ட எலிகள் வழக்கத்தைவிட நீண்ட காலம் வாழ்ந்தன.

இதன் சூட்சுமம் பாஸ்பேட் என்ற உப்பில் இருக்கிறது. சாப்பாட்டில் வரும் பாஸ்பேட் மிகுந்துவிட்டால், அதை வெளியேற்றும்படி எலும்பிலிருந்து எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோன் சிறுநீரகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. க்ளோத்தோ இருந்தால்தான் அந்தச் செய்தி சிறுநீரகத்தில் எடுபடும். அது குறைந்தால் பாஸ்பேட் நாளடைவில் ரத்தத்தில் தேங்கும். அப்போது ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்கள் தம் இயல்பு மாறி, எலும்பை உருவாக்கும் செல்களைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. கால்சியம் வெறுமனே வந்து ஒட்டிக்கொள்வதில்லை. உடலே அதை அங்கே கட்டுகிறது. க்ளோத்தோ இல்லாத எலிகளுக்கு பாஸ்பேட் குறைந்த உணவு கொடுத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது, இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று.

மனிதர்களிடம் கிடைத்திருக்கும் சான்று இவ்வளவு திட்டமானதல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்களில் சிறுநீரில் நுண்ணளவு புரதம் ஒழுகுபவர்களுக்கு ரத்தத்தில் க்ளோத்தோ குறைவாக இருந்தது. பாதிப்பின் ஆரம்பக் கட்டத்திலேயே இந்தக் குறைவு தெரிவதுதான் கவனிக்க வேண்டியது. ஆனால் ரத்தக் குழாய் கெடுவதற்கு அதுவே காரணமா, அல்லது சிறுநீரகப் பாதிப்பின் அடையாளம் மட்டும்தானா என்பதை இத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது. க்ளோத்தோவை மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சையும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. முதுமையைத் தள்ளிப்போடும் க்ளோத்தோ மாத்திரை என்று யாராவது விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இன்று கையிலிருக்கும் மருந்துகள் சாதாரணமானவையாகத் தோன்றினாலும் வலிமையானவை. சிறுநீரில் புரதம் ஒழுகுபவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் ‘சார்ட்டன்’ வகை பிரஷர் மாத்திரைகளில் ஒன்று வல்சார்ட்டன். இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது க்ளோத்தோ உயர்ந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. கேனக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தை 4,401 பேரிடம் சோதித்து 2019இல் வெளியான ஆய்வில், சிறுநீரகம் மோசமாகும் ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது. சாப்பாட்டிலும் செய்யக்கூடியது உண்டு. கோலா பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட், பருப்பிலும் தானியத்திலும் இயல்பாக உள்ளதைவிட எளிதாக உடலில் சேர்கிறது. சிறுநீரகம் பலவீனப்பட்டவர் முதலில் நிறுத்த வேண்டியது அந்தக் கோலாவைத்தான்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்கிறார்கள். இவர்களில் பலர் மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்கிறார்கள், ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினினும் பார்க்கிறார்கள். அது நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். கிரியேட்டினின் ஏறுவதற்குள் சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இது எனக்குப் பெரும் வருத்தம். முன்கூட்டியே எச்சரிப்பது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுவதைக் காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் பரிசோதனைதான். ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும்போது அளவு தற்காலிகமாக ஏறும் என்பதால், கூடுதலாக வந்தால் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாம் வகை நீரிழிவு என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்தும், முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும், வருடந்தோறும் இதைச் செய்துகொள்ள வேண்டும். உங்கள் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். அந்தப் பரிசோதனை அதில் இல்லையென்றால், அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள்.