வாடிவாசல் காளையின் தாய்வீடு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னை அவர் கோயில் திருப்பணியில் செலவிட்ட கதை யாவரும் அறிந்ததே. படை நடத்த அரசனுக்குக் குதிரை வேண்டியிருந்தது. உழவனுக்கு வேண்டியிருந்ததோ மாடு. ஏர் இழுக்க, வண்டி இழுக்க, வயலுக்கு உரம் கொடுக்க எல்லாவற்றுக்கும் மாடுதான்.

இந்தச் சமவெளிக்கு உரிய மாட்டினம் புலிக்குளம். சிவகங்கை மாவட்டம் மானாமதுரைப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயரே இனத்துக்கும் பெயராயிற்று. மதுரை, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இது பரவியிருக்கிறது. தேசிய அளவில் தனி இனமாகப் பதிவும் பெற்றுவிட்டது. ஊரார் இதை ஜல்லிக்கட்டு மாடு என்றும், கிடை மாடு என்றும் சொல்வார்கள்.

சிறிய உடல், பெரிய உழைப்பு

காளை சாம்பல் நிறம். திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். பசு பெரும்பாலும் வெள்ளை. கொம்பு பின்னோக்கிச் சாய்ந்து, மேலே வளைந்து, கூராக முடியும். உடல் சிறியதுதான். ஆனால் கொளுத்தும் வெயிலில், காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டு, நாள் முழுவதும் நடக்கும்.

பாலுக்கு இந்த மாட்டை யாரும் வளர்ப்பதில்லை. கன்று குடித்தது போக மிஞ்சுவது சொற்பம். அப்படியானால் வளர்ப்பவருக்கு வருமானம் எது? சாணம்!

கிடை போடுவது எப்படி?

பல வீட்டு மாடுகள் ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கில் ஒரு மந்தையாகும். அவற்றுக்குத் தொழுவம் கிடையாது. பகலில் கண்மாய்க் கரையிலும் தரிசிலும் அறுவடையான வயலிலும் மேயும். இரவில் ஒரு வயலில் அடைந்து படுக்கும். மறுநாள் இடம் மாறும். சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகின்றன. எருவை அள்ளிச் சுமக்கும் செலவு இல்லை. இதற்காக வயல்காரர் மந்தைக்காரருக்குப் பணமோ நெல்லோ கொடுப்பார்.

மூக்கணாங்கயிறு இல்லாமல் வெட்டவெளியில் வளர்வதால், இம்மாடுகள் அந்நியரைக் கண்டால் மிரளும், நெருங்கினால் பாயும். அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் கூட்டம் கைதட்டி ரசிப்பது இந்தக் குணத்தைத்தான். கிடையில் பிறந்த காளைக்கன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கி, வீட்டில் வளர்த்து, வாடிவாசலுக்குக் கொண்டுவருகிறார்கள்.

எங்கே இடிக்கிறது?

டிராக்டர் வந்தது, உழவு மாட்டுக்கு வேலை போயிற்று. மூட்டையில் உரம் வந்தது. கிடைக்குக் கிராக்கி குறைந்தது. மேய்ச்சல் தரிசுகள் வீட்டுமனைகளாயின. கண்மாய்ப் புறம்போக்கில் சீமைக் கருவேல் மண்டியது. வெயிலிலும் மழையிலும் மாட்டோடு நடக்கும் பிழைப்புக்கு அடுத்த தலைமுறை வர மறுக்கிறது. அதைக் குறை சொல்லவும் முடியாது.

ஜல்லிக்கட்டுக்கு 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மதுரையிலும் சென்னை மெரினாவிலும் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழக அரசு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டு மாட்டினங்கள் நிலைத்திருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்று. 2023 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

காளைக்கு வழி பிறந்தது. ஆனால் காளை வாடிவாசலில் பிறப்பதில்லை, கிடையில் பிறக்கிறது. அதை ஈனும் பசுவுக்குப் பரிசும் இல்லை, மாலையும் இல்லை. ஊருக்கு ஒரு மேய்ச்சல் நிலம், மந்தை போக ஒரு பாதை, அறுவடைக்குப் பின் கிடை போடச் சொல்லி அழைக்கும் வயல்காரர் — இவை மூன்றும் இருந்தால் அந்தப் பசு பிழைத்துக்கொள்ளும். காளையும் தானே வரும்.