பறவைகள் எங்கே போயின?

சென்னையில் அடையாற்றுப் பாலத்தின்மீது பேருந்தில் போகிறவர்களில் பலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது. அடுத்த முறை நீங்கள் போகும்போது மூக்கைப் பொத்தினாலும் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் பாருங்கள். சேற்றுத் திட்டுகளில் நீண்ட சிவந்த கால்களுடன் பவளக்காலிகள் நிற்கும். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி இருக்கும். மழைக்காலம் முதல் மார்ச் வரை, வடநாடுகளின் குளிருக்குத் தப்பி வந்த உள்ளான்களும் இருக்கும்.

இயற்பியல் வாத்தியாருக்குப் பறவைகளோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், என் மாணவர்கள் இருவர் சனிக்கிழமைதோறும் காலை 7 மணிக்கு அடையாற்றின் முகத்துவாரத்துக்குப் போய்ப் பறவைகளை எண்ணத் தொடங்கினார்கள். முதல் சனிக்கிழமை நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. அடுத்த சனிக்கிழமை நான்கே வரிகள். ஓடிவந்தார்கள்.

"சார், யாரோ ஆற்றில் எதையோ கொட்டிவிட்டார்கள். பறவைகள் எல்லாம் போய்விட்டன. பத்திரிகைக்குக் கடிதம் எழுதப்போகிறோம்."

"எழுதுங்கள். ஆனால் தபாலில் சேர்க்காதீர்கள். வருகிற சனிக்கிழமையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை பறவைகள் அதே இடத்தில் நின்றன!

என்ன நடந்தது? கடலில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. இதை ஏற்றவற்றம் என்கிறோம். சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு சுமார் 1 மீட்டர் இருக்கும். இதற்குப் பெருங்காரணம் சந்திரனின் ஈர்ப்பு. பூமி ஒருமுறை தன்னைத்தானே சுற்றி முடிப்பதற்குள் சந்திரனும் தன் பாதையில் சிறிது நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் சுமார் 50 நிமிடங்கள் தேவை. ஆகவே இன்று காலை 7 மணிக்கு நீர் வற்றியிருந்தால் நாளை 7.50-க்குத்தான் வற்றும்.

ஏழு நாட்களுக்குக் கணக்குப் போடுங்கள். 350 நிமிடங்கள், அதாவது 5 மணி 50 நிமிடம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். ஆக, இந்தச் சனிக்கிழமை 7 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த சனிக்கிழமை அதே 7 மணிக்கு ஏறக்குறைய முழு ஏற்றம். புழுவும் சிறு நண்டும் கிடைக்கும் சேறு நீருக்கடியில் போய்விட்டது. பறவைகள் அங்கே நின்று என்ன செய்யும்? வேறு இடம் தேடிப் போயிருந்தன. இரண்டு வாரம் ஆனால் மீண்டும் வற்றம், முக்கால் மணி முன்பின்னாக. என் மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்கள். சந்திரனைப் பார்த்து எண்ணியிருக்க வேண்டும்.

கடல்நீர் உள்ளே வந்து போவது பறவைகளுக்கு உணவு மேடை போடுவதற்கு மட்டும் அல்ல. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் சுமார் 7.6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். கடல்நீரில் இன்னும் குறைவு, சுமார் 6.2. சாக்கடை கலந்தால் அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் சொற்பத்தையும் தீர்த்துவிடும். 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறத் தொடங்கும். ஏற்றத்தில் புதுநீர் உள்ளே வருகிறது. வற்றத்தில் கெட்டநீர் வெளியேறுகிறது. நமது நுரையீரலைப் போலத்தான்.

இந்த மூச்சுக்கு ஓர் அடைப்பு உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகின்றன. ஆற்றில் நீரோட்டம் இல்லாத கோடையில் அந்த மணல் முகத்துவாரத்தின் குறுக்கே மேடாகப் படிகிறது. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வந்து அதை உடைக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரங்கள் வந்து தோண்ட வேண்டும்.

முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே, ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி, ஆற்றின் கிளையான ஓர் உப்பங்கழி இருக்கிறது. நெடுங்காலம் அது கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. அவற்றை அகற்றி, கால்வாய்கள் வெட்டி, ஏற்றநீரை உள்ளே வரவிட்டு, வெண்கண்டல் போன்ற அலையாத்தி மரங்களை நட்டார்கள். 58 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்டது. பள்ளி மாணவர்களைக் குழுக்களாக அழைத்துச் சென்று காட்டும் திட்டமும் தொடங்கியது. பூங்கா என்றதும் ஊஞ்சலைத் தேடாதீர்கள். சேற்றிலிருந்து பென்சில்கள்போல மேல்நோக்கி நிற்கும் வெண்கண்டலின் சுவாச வேர்களைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், மரம் நட்டதைவிட நீருக்கு வழி திறந்ததே பெரிய வேலை.

இத்தகைய இடங்களை ஆராய விஞ்ஞானிகள் மட்டும் போதமாட்டார்கள். 1978-இல் தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியின் உறுப்பினர்களில் வங்கி ஊழியரும் உண்டு, இல்லத்தரசியும் உண்டு. 2015 முதல் பொங்கலை ஒட்டி நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மாணவர்களும் சேரலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் எண்ணும்போது நேரத்துடன் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். என் மாணவர்கள் ஒரு மூங்கில் கழியில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக் கரையோரச் சேற்றில் ஊன்றினார்கள். கடலில் நீர் ஏறிய பிறகு கழியில் ஏறச் சற்று நேரம் பிடிக்கிறது. அந்தத் தாமதத்தை அளப்பதே ஒரு நல்ல ஆராய்ச்சி. உள்ளூர் ஏரியில் எண்ணுகிறவர்களுக்கு மதகின் படிக்கட்டே போதும்.

மே மாதம் வந்தது. வலசைப் பறவைகள் ஊர் திரும்பிவிட்டதால் நோட்டில் உள்ளூர்க் கொக்குகள் மட்டுமே இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பார்த்த நீர்மட்டம், பகல் 1 மணிக்கும் கழியில் அதே கோட்டில் நின்றது. மறுநாளும் அப்படியே. மணல்மேடு வாயை மூடிவிட்டது. அடுத்த வாரம் கரையோரம் மீன்கள் செத்து மிதந்தன.

இந்த முறை கடிதத்தை நிறுத்திவைக்கச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஐந்து மாத நீர்மட்டங்களையும் பறவைக் கணக்கையும் ஓர் அட்டவணையாக எழுதி, கடிதத்துடன் இணைத்து அனுப்பினார்கள்.