மூடுபனிப் பாதையில் உபரி விளக்குகள்

குந்தா மலைச்சரிவில் இருக்கும் பிக்கட்டியில், அந்தி சாயும் வேளையில் தேயிலைத் தொழிற்சாலையை நோக்கிப் பச்சை இலை மூட்டைகளுடன் ஏறிவரும் ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும், தயாரித்த கம்பெனி கொடுக்காத உபரி விளக்குகளைப் பொருத்தியிருந்தால் அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அருகிலுள்ள மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். யானையும் காட்டெருமையும் குறுக்கிடக்கூடிய காடு. இவற்றுக்கு மேல் மூடுபனி. கனடா தேசத்தின் உதவியோடு எழுந்த குந்தா மின் திட்டம் சமவெளிக்கு வெளிச்சம் அனுப்புகிற மலைதான் இது என்றாலும், அந்தக் காட்டுப் பாதையில் ஓட்டுநருக்கு வண்டியின் விளக்கைத் தவிர வேறு துணையில்லை.

பனி அடர்ந்திருக்கும்போது ஹெட்லைட்டைப் பிரைட்டில் போடுவது விபரீதமான காரியம். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பியனுப்புவதால், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது போலாகிவிடும். ஆகவேதான் ஃபாக் லைட்டைத் தாழ்வாகப் பொருத்தி, ஒளி அகலமாகப் பரவிச் சாலையின் ஓரத்தைக் காட்டும்படி அமைக்கிறார்கள். மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. பனித்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன.

விளக்கை வாங்குவது சுலபம். அதற்கு மின்சாரம் போகும் வழியை அமைப்பதில்தான் ஆட்டோ எலக்ட்ரீசியனின் சாமர்த்தியம் இருக்கிறது. 12 வோல்ட் பாட்டரியில் 55 வாட் விளக்குகள் இரண்டு எரிந்தால் 9 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓடும். அதை டாஷ்போர்டிலுள்ள சிறு சுவிட்சின் வழியாகவே செலுத்தினால், சுவிட்ச் கருகும், வயர் சூடேறும், விளக்கும் மங்கும். இதற்குப் பரிகாரம் ரிலே. மதகின் சக்கரத்தைத் திருப்புகிறவன் அணையின் நீரைச் சுமப்பதில்லை அல்லவா? அதுபோல, கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்சாரம் சுவிட்ச் வழியே 86 என்ற முனையில் புகுந்து 85 வழியாக எர்த்துக்குப் போகும்போது, ரிலேயின் உள்ளிருக்கும் காந்தச் சுருள் 30-ஐயும் 87-ஐயும் இணைத்துவிட, பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போய்ச் சேருகிறது.

ஃபியூஸை விளக்கின் பக்கத்தில் வைப்பது பிரயோஜனமற்றது. அது காக்க வேண்டியது விளக்கையல்ல, வயரை. எனவே பாட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருப்பதே உசிதம். இந்த ஜோடி விளக்குகளுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸும், அதைத் தாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் பொருத்தமானவை. தகட்டைத் துளைத்து வயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், மலைச்சாலையின் குலுக்கலில் உறை தேய்ந்து, தீப்பற்றும் அபாயமும் உண்டு.

விளக்குகள் நான்கு, ஆறு என்று பெருகும்போது ரிலேக்களும் வயர்களும் பின்னிச் சிக்கலாவதைத் தவிர்க்கவே சுவிட்ச் கன்ட்ரோலர் என்ற சாதனம் வந்திருக்கிறது. பானட்டுக்குள் ஃபியூஸ்களும் ரிலேக்களும் அடங்கிய பெட்டி ஒன்று. ஓட்டுநரின் கையருகே சுவிட்சுப் பலகை ஒன்று. இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய கேபிள். ஆனால் அதன் மெய்யான பயன் வயர் குறைவதில் இல்லை. பனியில் தாழ்ந்த விளக்கை மட்டும் எரியவிட்டு மற்றவற்றைத் தனித்தனியே அணைக்க முடிவதில்தான் இருக்கிறது என்பேன். அதற்குரிய கட்டுப்பாட்டு இணைப்பை இக்னிஷனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லையேல், மறதியாக எரியவிட்ட ஜோடி விளக்கு 35 ஆம்பியர்-மணிப் பாட்டரியை நான்கு மணி நேரத்துக்குள் வற்றச் செய்துவிடும்.

வாகனத்தின் முன்புறத்தில் ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ பொருத்துவதை, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இருந்தாலன்றி, 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. மற்ற விளக்குகளும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்ந்தே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எட்டு மீட்டர் தள்ளி எதிரே நின்று பாருங்கள். கண் கூசினால், கூலி கொடுப்பதற்கு முன்பே விளக்கை இறக்கிக் கட்டச் சொல்லுங்கள்.